குறட்டை விடும் பிள்ளைக்குக் கத்தி எப்போது?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வீடுகளில் பிள்ளைக்குத் தனி அறை என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, கோடையானால் மொட்டை மாடிக்கு ஏறி, அம்மாவுக்கும் அப்பாயிக்கும் நடுவில்தான் அது தூங்குகிறது. ஆகவே பிள்ளையின் மூச்சு ராத்திரியில் எப்படிப் போகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. "தாத்தாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கான், குறட்டையக் கேளு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை வாயைப் பிளந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுத்திருக்கும். தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். திடீரென்று குறட்டை நிற்கும். நெஞ்சு மட்டும் குழிந்து குழிந்து ஏறும், சத்தம் இராது. பிறகு ஒரு திணறல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. பக்கத்தில் படுத்திருக்கும் அப்பாயி தூக்கக் கலக்கத்திலேயே முதுகைத் தட்டிக் கொடுப்பார். விடிந்தால் அந்த இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சத்தமற்ற அந்தச் சில விநாடிகளுக்குத்தான் ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். உறக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். தொண்டையின் மேல்பகுதி எலும்புச் சுவர் கொண்ட குழாய் அல்ல. தசையால் ஆன, மடியக்கூடிய குழாய். விழித்திருக்கும்போது தசை அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உறக்கத்தில் பிடி தளர்கிறது. அந்த நேரம் பார்த்து உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டு சதை இருந்தால், குழாய் மூடிக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு அந்தச் சதை இரண்டு: அண்ணத்தின் பின்னால் இருபுறமும் தெரியும் டான்சில், மூக்குக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அடினாய்டு. இரண்டு முதல் எட்டு வயது வரை, தொண்டையின் அகலத்தோடு ஒப்பிட்டால் இவை மிகப் பெரிதாக இருக்கும் காலம். இந்த நோயும் அந்த வயதில்தான் அதிகம். எல்லா நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் நூறு பிள்ளைகளில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு இது இருக்கிறது. இருநூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப்பள்ளியில் இரண்டு முதல் பத்துப் பேர்.

இடையில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "மூக்குல சதை வளந்திருக்கு" என்று நம் பக்கத்தில் சொல்வது மூன்று வேறு பொருட்களைக் குறிக்கும்: அடினாய்டு, மூக்கின் பக்கச் சுவரில் ஒவ்வாமையால் வீங்கும் சதைமடிப்பு, மூக்குக்குள் தொங்கும் பாலிப். டான்சிலையோ பலர் "உள்நாக்கு" என்கிறார்கள். உள்நாக்கு நடுவில் தொங்குவது. அதற்கும் டான்சிலையும் அடினாய்டையும் எடுக்கும் அறுவைக்கும் சம்பந்தமில்லை. "சதையை எடுத்தாச்சு, திரும்ப வளந்துடுச்சு" என்று புலம்புகிறவர்களிடம் எந்தச் சதை என்று கேட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இந்த அறுவைக்கு ஒரு விசித்திர வரலாறு உண்டு. 1868இல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற மருத்துவர் மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டைத் தெளிவாக விவரித்து, அதை நீக்கும் வழியையும் சொன்னார். 1889இல் லண்டனில் வில்லியம் ஹில், பள்ளியில் மந்தமென்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் சிலருக்கு மூக்கடைப்பும் ராத்திரி மூச்சுத் திணறலுமே காரணம் என்று எழுதினார். 1892இல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் மருத்துவப் பாடநூலிலும் வாயால் மூச்சு விட்டு, ராத்திரியில் சீறிச் சீறித் தூங்கும் பிள்ளை இடம்பெற்றிருக்கிறது. அதாவது அப்பாயி பார்த்ததை மருத்துவமும் பார்த்துவிட்டது. ஆனால் பார்த்ததை மறந்துவிட்டு வேறு பக்கம் ஓடியது.

அடுத்த அரை நூற்றாண்டு, தொண்டை வலிக்கும் காய்ச்சலுக்கும் டான்சிலே குற்றவாளி என்று தீர்ப்பாகி, மேலை நாடுகளில் பள்ளி பள்ளியாக வெட்டித் தள்ளினார்கள். அந்த வெறியை அளந்து காட்டியது 1934இல் வெளிவந்த நியூயார்க் ஆய்வு. 11 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மிச்சமிருந்த 389 பேரைப் பள்ளி மருத்துவர்கள் பார்த்து, 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் 99 பேரைத் தேர்ந்தார்கள். அதிலும் தப்பித்த 116 பேரை மூன்றாம் முறை அனுப்பியபோது 51 பேருக்குக் கத்தி என்று முடிவானது. ஆயிரத்தில் 65 பேர்தான் மிஞ்சினார்கள். எந்தக் கூட்டத்தைக் காட்டினாலும் ஏறக்குறையப் பாதிப்பேரை வெட்டச் சொல்லும் கை அது. நோயைப் பார்த்துச் சொல்லவில்லை, பழக்கத்தால் சொன்னது. இந்த ஆய்வை இன்றும் காது மூக்கு தொண்டை மருத்துவர் அறையில் சட்டம் போட்டு மாட்டலாம்.

பென்சிலின் வந்தது, அறுவைகள் குறைந்தன. பெருமளவு போலியோ பரவிய காலத்தில் டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு மூளைத்தண்டைத் தாக்கும் கொடிய போலியோ கூடுதலாக வந்ததும் கையைக் கட்டிப்போட்டது. பிறகு 1965இல் அமெரிக்க மருத்துவர்கள் இதயம் வீங்கிச் செயலிழந்த சில பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். டான்சிலும் அடினாய்டும் எடுத்ததும் இதயம் தேறிவிட்டது. 1976இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்லெமினோ எட்டுப் பிள்ளைகளின் இரவு மூச்சைப் பதிவு செய்து வெளியிட்டார். பிள்ளைகளின் உறக்க மூச்சுத்தடை தனி நோயாகப் பாடநூலுக்குள் வந்தது அப்போதுதான். அதன்பின் டான்சில் அறுவை மறுபடி கூடியது. ஆனால் காரணம் மாறிவிட்டது: முன்பு தொண்டைப் புண்ணுக்காக, இப்போது பெரும்பாலும் மூச்சுக்காக.

மூச்சு நிற்பதால் பகலில் என்ன ஆகிறது? பெரியவருக்குத் தூக்கம் கெட்டால் பஸ்ஸில் தூங்கி விழுவார். பிள்ளைக்குத் தூக்கம் கெட்டால் பலநேரம் தலைகீழ்: ஓரிடத்தில் உட்காராது, அடிக்கும், பிடிவாதம் பிடிக்கும், பாடத்தில் கவனம் நிற்காது. சிலர் ஏழெட்டு வயதிலும் பாயை நனைப்பார்கள். மூச்சு இழுப்பதிலேயே ராத்திரி முழுக்க உடல் உழைப்பதால் எவ்வளவு ஊட்டினாலும் தேறாத பிள்ளைகளும் உண்டு. "சத்து பத்தல" என்று டானிக்கும், "கண்ணு பட்டிருக்கு" என்று மந்திரிப்பும் நடக்கும். டான்சில் எடுத்த சில மாதங்களில் எடை ஏறுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

படிப்பு ஏறுமா என்பதுதான் பெற்றோர் முதலில் கேட்பது. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 1998இல் டேவிட் கோசல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, முதல் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த 297 பிள்ளைகளைப் பரிசோதித்து 54 பேருக்கு உறக்கத்தில் மூச்சுக் கோளாறு கண்டது. அறுவை செய்துகொண்ட 24 பேரின் மதிப்பெண் அடுத்த ஆண்டு ஏறியது, செய்யாதவர்களுக்கு ஏறவில்லை. இந்தச் செய்தி உலகம் சுற்றியது. ஆனால் யாருக்கு அறுவை என்பதைப் பெற்றோரே தேர்ந்ததால், மற்ற வகையிலும் அக்கறையான வீடுகளே அறுவைக்கு ஒத்துக்கொண்டிருக்கலாம். இதைத் தீர்க்கச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு தேவைப்பட்டது. 2013இல் வந்த 'சாட்' ஆய்வில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையான 464 பிள்ளைகளை அப்படிப் பிரித்து, பாதிப்பேருக்கு உடனே அறுவை செய்தார்கள். மற்றவர்களை ஏழு மாதம் கண்காணித்தார்கள். கவனத்தை அளக்கும் சோதனையில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நடத்தை, வாழ்க்கைத் தரம், ராத்திரி மூச்சு மூன்றிலும் அறுவை செய்த பிள்ளைகள் தெளிவாக முன்னே நின்றார்கள். தூக்க ஆய்வு முடிவு இயல்பானவர்கள் அறுவைக் குழுவில் 79 விழுக்காடு.

அறுவையே செய்யாத குழுவிலும் 46 விழுக்காட்டினருக்குத் தானே சரியானது. நம் வீட்டுப் பெரியவர்கள் "வளந்தா சரியாப் போயிரும்" என்பது பாதி உண்மை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல். மிகக் கடுமையான நிலையில் இருந்த பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களைக் காக்க வைப்பது சரியல்ல என்று முன்கூட்டியே விலக்கினார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களும் இல்லை. லேசான தடையுள்ள 459 பிள்ளைகளை ஓராண்டு தொடர்ந்து, 2023இல் வெளிவந்த இன்னொரு ஆய்விலும் இதே கதைதான்: கவனத்தில் வேறுபாடில்லை; தூக்கம், நடத்தை, ரத்த அழுத்தம் ஆகியவற்றில் அறுவைக்குப் பலன் இருந்தது. என் தீர்ப்பு இது: மதிப்பெண்ணுக்காக டான்சிலை எடுக்கச் சொல்கிறவரிடம் பிள்ளையைக் காட்டாதீர்கள். மூச்சுக்காக எடுக்கச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

யாருக்குக் கடுமை, யாருக்கு லேசு என்று பிரிப்பது எப்படி? தலையிலும் நெஞ்சிலும் கம்பிகள் ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்கப் பதிவு செய்யும் தூக்க ஆய்வே முழுமையான வழி. மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு ஐந்து வரை பொறுத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு ஒன்றைத் தாண்டினாலே இயல்பல்ல, பத்தைத் தாண்டினால் கடுமை. பிள்ளைகளுக்கென்று இந்த ஆய்வு செய்யும் இடங்கள் பெருநகரங்களில்தான் திரண்டிருக்கின்றன. வேப்பந்தட்டையிலிருந்தோ ஆண்டிமடத்திலிருந்தோ சின்ன வெங்காயமும் முந்திரியும் விளைவிக்கும் குடும்பம், ஒரு ராத்திரிப் பதிவுக்காகச் சென்னைக்குப் போய்வருவது நடக்கிற காரியமில்லை. வாயைத் திறந்து பார்த்து டான்சிலின் அளவை ஒன்று முதல் நான்கு வரை மதிப்பிடுவது எளிது. ஆனால் டான்சில் பெரிதாக இருப்பதாலேயே தடை கடுமை என்று சொல்லிவிட முடியாது. சின்ன டான்சிலோடு திணறுகிற பிள்ளையும் உண்டு.

நடுவழி இல்லாமல் இல்லை. கோவிட் காலத்தில் ஊரெல்லாம் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டரின் அண்ணன் ஒன்று இருக்கிறது: ராத்திரி முழுக்க ஆக்சிஜன் அளவைப் பதிவு செய்து வைக்கும் கருவி. 2000இல் கனடாவில் மான்ட்ரியலில் செய்த ஆய்வின்படி, அதில் ஆக்சிஜன் 90க்குக் கீழே கொத்துக் கொத்தாக இறங்கினால் 97 விழுக்காடு உறுதியாக உறக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். இறங்காவிட்டால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அது ஒருபக்கக் கத்தி. இரண்டாவது கருவி எல்லோர் மடியிலும் இருக்கிறது. சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சும் முகமும் தெரிய, மூச்சு நிற்கும் நேரத்தில் சில நிமிடம் போனில் எடுத்த வீடியோ, பகலில் சிரித்துக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளையைப் பற்றி மருத்துவருக்கு எவ்வளவோ சொல்லும். மூன்றாவது, அப்பாயியின் சாட்சியம். மேலை நாட்டுக் கேள்விப் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் தெரியாத கேள்விகள் உண்டு, ஏனென்றால் பிள்ளை வேறு அறையில் தூங்குகிறது. இங்கே கேட்டால் பதில் உண்டு. கேட்பதில்லை என்பதே குறை.

2013 பிப்ரவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் திட்டத்தில், வண்டியில் வரும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். தேசியப் பட்டியலில் 30 நோய்நிலைகள். அதில் காதில் சீழ், காது கேளாமை, கவனச் சிதறல், கற்றல் குறைபாடு எல்லாம் இருக்கின்றன. குறட்டை இல்லை. காதுக்குப் போகும் குழாயின் வாயை அடினாய்டு அடைத்தால் காதில் நீர் கோக்கும், கேட்கும் திறன் குறையும்; தூக்கம் கெட்டால் கவனம் சிதறும். கிளைகளை எண்ணிவிட்டு வேரை விட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் "ராத்திரி குறட்டை விடுதா? மூச்சு நிக்குதா?" என்று இரண்டு கேள்வி சேர்க்க எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளையும் சிமென்ட் ஆலைகளையும் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. தூசி நேராக டான்சிலை வளர்ப்பதாகச் சொல்ல மாட்டேன். ஒவ்வாமையால் மூக்கின் சதை வீங்கினால், ஏற்கெனவே ஒடுங்கிய பாதை மேலும் ஒடுங்கும். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை குறட்டையைக் கூட்டும் என்பதும் உறுதியான செய்தி. லேசான தடையுள்ள பிள்ளைக்கு முதலில் சில வாரம் மூக்கில் ஸ்டீராய்டு ஸ்பிரே போட்டுப் பார்ப்பது நியாயமான வழி. மான்டிலூகாஸ்ட் மாத்திரையும் சிலருக்கு உதவும். ஆனால் மனநிலை மாற்றம் பற்றி 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்திருப்பதால், பிள்ளை திடீரென்று அழுது அரற்றினால் மருந்தையும் சந்தேகிக்க வேண்டும்.

அறுவை என்று முடிவானால்? மயக்க மருத்துவர் முதலில் பார்ப்பது பல்லை. ஆறேழு வயதுப் பால்பல் ஆடிக்கொண்டிருக்கும். மயக்கத்தில் கழன்று மூச்சுக்குழலில் விழுந்தால் வேறு வினை. முழு மயக்கம் கொடுத்து, தோளுக்கடியில் முட்டுக்கொடுத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, பாயில் டேவிஸ் என்ற கவ்வியால் வாயைத் திறந்து வைப்பார்கள். வெளியே ஒரு தையலும் இராது. டான்சிலை அதன் படுக்கையிலிருந்து உரித்தெடுப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. மின்சூட்டால் எடுப்பது இன்னொன்று. உப்புநீரில் ரேடியோ அலை பாய்ச்சிக் குறைந்த வெப்பத்தில் கரைக்கும் கோப்லேஷன் இப்போது விளம்பரங்களில் அதிகம் தெரிவது. மூச்சுத்தடைக்காக மட்டும் செய்யும்போது, உறையை விட்டுவிட்டு உள்ளிருக்கும் சதையை மட்டும் சீவியெடுக்கும் முறையும் உண்டு. வலியும் ரத்தக் கசிவும் குறைவு, சிறுபான்மையினருக்குச் சதை மறுபடி வளரலாம். கருவியின் பெயரைவிட அதைப் பிடிக்கும் கையின் பழக்கமும், அன்று ராத்திரி யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதுமே முக்கியம் என்பேன்.

அன்று ராத்திரிதான் ஆபத்து. பல மாதம் ஆக்சிஜன் குறைவுக்குப் பழகிய உடல், வலிக்குக் கொடுக்கும் அபின் வகை மருந்துக்கு அளவுக்கு மீறிப் பணிந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையையும், கடுமையான தடையுள்ள பிள்ளையையும் அன்றே வீட்டுக்கு அனுப்பாமல் ராத்திரி முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்கிறது 2019 அமெரிக்க வழிகாட்டி. கோடீன் என்ற மருந்தைச் சிலரின் ஈரல் மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். டான்சில் அறுவைக்குப் பின் அதைக் கொடுத்துச் சில பிள்ளைகள் இறந்ததால், 2013இல் அமெரிக்காவில் தடை வந்தது. வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் கோடீன் கலந்த இருமல் சிரப்பை அந்தப் பிள்ளைக்கு ஊற்றவே கூடாது. பாராசிட்டமாலே அடிப்படை.

தொண்டையில் வெள்ளை படியும். சீழ் என்று பதறுவார்கள், அது ஆறும் புண்ணின் பொருக்கு. காது வலிக்கிறது என்று அழும்; காதில் ஒன்றுமில்லை, தொண்டையின் நரம்புதான் அங்கே பேசுகிறது. ஐஸ்கிரீம் கிடைக்கும் என்ற ஆசை காட்டியே பல பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். கொடுக்கலாம், ஆனால் தண்ணீர் குடிக்க வைப்பதே பெரிய வேலை. ஆறிய கஞ்சி, குழைந்த சாதம் போதும்.

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இன்னொரு கண்டம். பொருக்கு உதிரும்போது நூற்றில் இரண்டு முதல் நான்கு பேருக்கு ரத்தம் கசியும். தூங்கும் பிள்ளை அடிக்கடி எச்சில் விழுங்குவது போல் விழுங்கிக்கொண்டே இருந்தால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். இங்கேதான் தூரம் கணக்கில் வருகிறது. 2022 ஜனவரி 12இல் திறந்துவைக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூர் ஒன்று. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனையும், சிறுவாச்சூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியும் உண்டு. அதற்கு முந்தைய தலைமுறை திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஓடியது. பெரம்பலூரிலிருந்து திருச்சி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அறுவையைத் தொலைவில் செய்துகொண்டு, நான்காம் நாள் கிராமத்துக்குத் திரும்புகிற குடும்பம், கிளம்பும்போதே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் வந்தால், 108ஐ அழைத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? அங்கே அந்த நேரத்தில் மயக்க மருத்துவர் இருப்பாரா? உயிரிழப்பு மிக அரிது. பல்லாயிரம் அறுவைகளில் ஒன்று. அந்த ஒன்று பெரும்பாலும் முதல் ராத்திரியிலோ பொருக்கு உதிரும் இந்த நாட்களிலோதான் நிகழ்கிறது.

எதிர்ப்பு சக்தி போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் பேரின் பதிவேடுகளைப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வு, சிறுவயதில் டான்சில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மேல் மூச்சுப்பாதை நோய்கள் கூடுதலாகக் கண்டது. ஏற்கெனவே நோயாளியாக இருந்ததால்தான் டான்சில் எடுத்தார்கள் என்ற மறுப்பும் வலுவானது. கவலைப்பட்டு அறுவையைத் தவிர்க்க அது போதாது. தேவையில்லாமல் எடுக்காதிருக்க அது போதும்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்த ஓர் அறுவை தீர்வல்ல. 578 பிள்ளைகளைப் பார்த்த, 2010இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், அறுவைக்குப் பின் தடை முழுமையாக மறைந்தவர்கள் 27 விழுக்காட்டினரே. பருமனான பிள்ளைகளும் ஏழு வயதைத் தாண்டியவர்களும் பின்தங்கினார்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு நாக்கும் தசைத் தளர்ச்சியும் சேர்ந்து தடுக்கும்; கழுத்தெலும்பு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் கழுத்தை வளைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். தாடை சிறுத்துப் பிறக்கும் பியர் ராபின் குழந்தைக்குத் தாடையை மெல்ல மெல்ல நீட்டும் அறுவை உண்டு. சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள நம் பக்கத்தில், பிறவியிலேயே சர்க்கரைச் சேர்மங்கள் உடலில் தேங்கும் அரிய நோய்க்குக் குறட்டையே முதல் அறிகுறியாக இருக்கலாம். இவர்களுக்கெல்லாம் தூக்க ஆய்வு இல்லாமல் கத்தி வைப்பது முறையல்ல. பெருநகரத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். அண்ணத்துக்குள் மறைந்திருக்கும் பிளவு உள்ள பிள்ளைக்கு அடினாய்டை முழுவதும் எடுத்தால் பேச்சு மூக்கால் வரும். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தச் சங்கடத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அறுவை முடிந்து ஆறெட்டு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். புண் ஆறியிருக்கும், குடும்பம் வராது. வந்தாலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அப்பா மட்டும் சீட்டைக் கொண்டுவந்து, "நல்லாத்தாங்க இருக்கான்" என்பார். குறட்டை போயிற்றா, குறைந்ததா, இன்னும் மூச்சு நிற்கிறதா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இராது. பிள்ளையோடு அப்பாயியையும் பஸ் ஏற்றிக் கூட்டிவரச் சொல்லிச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம்.